பஸ்ஸுக்கு இயர்பட்ஸ், பாட்டு வகுப்புக்கு ஒயர்: 2,500 ரூபாயில் எதை வாங்குவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் பெங்களூர் மாரத்தஹள்ளியில் பி.ஜி. விடுதியில் தங்கி வேலைக்குப் போகிறவர், ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். 500-டி பஸ்ஸில் போகவர தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் இரவில், திருச்சியில் இருக்கும் டீச்சரிடம் லேப்டாப்பில் ஜூம் வழியாகப் பாட்டு வகுப்பு. கையில் இருப்பது 2,500 ரூபாய். ஒயர் வைத்த பெரிய ஹெட்ஃபோன் வாங்குவதா, ஒயர்லெஸ் இயர்பட்ஸ் வாங்குவதா? "ஒயர் இல்லாதது ரெண்டு வருஷத்துக்கு மேல தாங்காது" என்கிறார் அப்பா. "இந்தக் காலத்துல யாருடி ஒயரைத் தொங்க விட்டுக்கிட்டுப் போறா" என்கிறாள் ரூம்மேட். ஃபோனில் ஹெட்ஃபோன் செருகும் ஜாக் கிடையாது.

தங்கச்சி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒயர் வைத்த, காதை முழுக்க மூடுகிற ஹெட்ஃபோனை வாங்குங்கள். பஸ்ஸில் அது சரிப்படாது என்பது எனக்கும் தெரியும், தெரிந்துதான் சொல்கிறேன். பஸ்ஸில் தப்பான சாமான் காதில் இருந்தால் பாட்டு சுமாராகக் கேட்கும், அதோடு போயிற்று. வகுப்பில் தப்பான சாமான் இருந்தால் தப்பாகப் பாடப் பழகிவிடுவீர்கள். பழகியதை மாற்ற ஒரு வருஷம் பிடிக்கும், டீச்சரைக் கேட்டுப் பாருங்கள்.

நானும் பெங்களூர்தான், அல்சூர்க்காரன். கோயில் கச்சேரி, கல்யாண மண்டபம், ராமநவமி சீசன் என்று இருபது வருஷமாக சவுண்ட் மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் என் பதிலில் பாட்டின் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

ரூம்மேட்டின் இயர்பட்ஸை இரவல் வாங்கி இரண்டு வகுப்பு பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். டீச்சர் குரல் பழைய டெலிஃபோன் மாதிரி கேட்டது, தம்புரா டீச்சருக்குப் போய்ச் சேரவில்லை, "தாளம் பின்னாடி வருது" என்று டீச்சர் சொன்னார். உங்கள் கேள்வியிலேயே உபயோகமான பகுதி இதுதான். மூன்றும் ஒரே கோளாறு என்று நினைத்திருக்கிறீர்கள். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் டெலிஃபோன் குரல். ப்ளூடூத்தில் பாட்டு கேட்பதற்கு ஒரு வழி, பேசுவதற்கு வேறொரு வழி. பாட்டு மட்டும் கேட்கும்போது ஒலி ஒரு பக்கமாக, ஸ்டீரியோவில், நல்ல அளவில் வருகிறது. எல்லாக் கருவியிலும் கட்டாயம் இருக்கிற எஸ்.பி.சி. என்ற முறையிலேயே நொடிக்கு 328 கிலோபிட் வரை போகும். இயர்பட்ஸின் மைக்கைத் திறந்த அந்த நொடியில் லேப்டாப் அந்த வழியை மூடிவிட்டுப் பேசுகிற வழிக்கு மாறிவிடுகிறது. அங்கே ஒலி மோனோ. பழைய முறையில் நொடிக்கு 8,000 மாதிரிகள், புதிய முறையில் 16,000. மாதிரிகளின் எண்ணிக்கையில் பாதிதான் கேட்கக்கூடிய உச்ச அலைவரிசை என்பது கணக்கு. ஆக, 4,000 ஹெர்ட்ஸுக்கோ 8,000 ஹெர்ட்ஸுக்கோ மேலே உள்ளதெல்லாம் வெட்டுப்பட்டுவிடும். குதிரை மேல் ஜீவாளி நூலை நகர்த்தி நகர்த்தித் தம்புராவில் ஒரு ரீங்காரத்தை வரவழைப்பார்களே, அதன் நுணுக்கமான பகுதியெல்லாம் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. இது விலை குறைந்த இயர்பட்ஸின் குறை என்று நினைக்காதீர்கள். இருபதாயிரம் ரூபாய் பட்ஸுக்கும் இந்த வழியில் போனால் இதே கதிதான். எல்.இ. ஆடியோ என்ற புதிய முறை இதைச் சரிசெய்யத்தான் வந்திருக்கிறது. ஆனால் லேப்டாப், பட்ஸ் இரண்டிலும் அது இருந்தாக வேண்டும்.

இதற்குக் காசில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. ஜூமின் ஆடியோ அமைப்பில் ஸ்பீக்கர் என்ற இடத்தில் பட்ஸையும், மைக் என்ற இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். பேசுகிற வழி திறக்கவே திறக்காது, டீச்சர் குரல் சட்டென்று தெளிந்துவிடும். ஹெட்ஃபோன் வாங்கும் வரை இப்படி ஓட்டுங்கள். ஆபீஸ் மீட்டிங்குக்கும் இதைச் செய்யலாம்.

அடுத்து, தம்புரா காணாமல் போவது. இதற்கு முக்கியக் காரணம் இயர்பட்ஸ் அல்ல, ஒயர் வாங்கினால் மட்டும் தீராது. ஜூம், கூகுள் மீட் போன்றவை மின்விசிறி, ஏ.சி. சத்தத்தை வடிகட்டப் பார்க்கின்றன. மாறாமல் ஒரே மாதிரி நீளுகிற சத்தத்தை அந்த மென்பொருள் இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். மாறாமல் நீளுவதுதானே சுருதி? அதையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. நீங்கள் இழுத்துப் பிடிக்கும் ஷட்ஜம்கூட நாலு நொடிக்கு மேல் மங்கலாம். ஜூம் அமைப்பில் "ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்" என்று ஒன்று இருக்கிறது, அதை இயக்குங்கள். மீட்டில் நாய்ஸ் கேன்ஸலேஷனை அணைத்துவிடுங்கள். டீச்சர் பக்கத்திலும் இதைச் செய்யச் சொல்லுங்கள். அவர் தம்புராவும் உங்களுக்குச் சரியாக வந்து சேரும்.

ஒன்று கவனம். ஒரிஜினல் சவுண்டை இயக்கும்போது எதிரொலியைத் தடுக்கும் வேலையையும் நிறுத்திவிட்டால், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு பாட முடியாது. டீச்சர் குரல் உங்கள் மைக்குக்குள் புகுந்து அவருக்கே திரும்பிப் போகும். ஹெட்ஃபோன் இங்கே தப்பிக்க முடியாத தேவை ஆகிவிடுகிறது.

மூன்றாவது, தாளம் பின்னால் வருவது. இதில் பாதிப் பழி இன்டர்நெட்டுடையது. திருச்சியிலிருந்து உங்கள் அறைக்கு ஒலி வந்து போகிற தாமதத்தை எந்த ஹெட்ஃபோனாலும் ஒழிக்க முடியாது. அதனால்தான் ஆன்லைன் வகுப்பில் டீச்சர் ஒரு சங்கதி பாடி நிறுத்திவிட்டு உங்களைப் பாடச் சொல்கிறார். சேர்ந்து பாடினால் ஒட்டாது. மீதிப் பழி ப்ளூடூத்துடையது. ஒலியைச் சுருக்கி, பொட்டலம் கட்டி, அனுப்பி, அந்தப் பக்கம் பிரித்துச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒலிக்க, சாதாரண பட்ஸில் 150 முதல் 250 மில்லிசெகண்ட் ஆகும். அதாவது ஏறக்குறைய கால் நொடி. கால் நொடியில் என்ன குறைந்துபோகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு தாளக் கணக்கு. நிமிஷத்துக்கு 80 தட்டு என்ற நிதானமான காலத்தில் ஆதி தாளம் போடுகிறீர்கள். ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் 750 மில்லிசெகண்ட். சதுஸ்ர நடையில் அதை நாலாகப் பிரித்தால் ஒரு மாத்திரை 187 மில்லிசெகண்ட் சொச்சம். ஆக பட்ஸ் உங்களை ஒரு மாத்திரை தள்ளி உட்கார வைத்துவிடுகிறது. இனி நீங்கள் என்னதான் சரியாகப் பாடினாலும் எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், தவறிப் பாடினதாகத்தான் எதிராளிக்குக் கேட்கும்.

சினிமா பார்க்கும்போது இது தெரிவதில்லையே என்று கேட்கலாம். ஒலி எவ்வளவு தாமதமோ அந்த அளவுக்குப் படத்தையும் ஆப் தாமதப்படுத்திக் காட்டுகிறது, அதனால் வாய் அசைவு பொருந்திவிடுகிறது. நீங்கள் பாடுகிற பாட்டை யார் தாமதப்படுத்துவது? டீச்சர் அனுப்பிய ஒலிப்பதிவை ஓடவிட்டு, கூடவே பாடிப் பதிவு செய்து அனுப்புகிற வீட்டுப்பாடத்தில் இந்த இடறல் அப்பட்டமாகத் தெரியும். பெட்டியில் கேமிங் மோட் என்று போட்டிருக்கும், தாமதம் குறையும்தான். ஒயரில் தாமதம் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

இனி காசு விஷயம். அப்பா சொன்னது சரி. காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறேன், ரூம்மேட்டிடம் வாதாட உதவும். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பட்ஸுக்குள் அந்தப் பணத்துக்குப் பங்காளிகள் ஏராளம். இரண்டு ரேடியோ, மூன்று பேட்டரி, சார்ஜிங் டப்பா, நாலைந்து மைக், சிப், அப்புறம் விளம்பரத்தில் வருகிற நடிகர். எல்லாரும் பிரித்துக்கொண்டு போன மிச்சத்தில்தான் ஒலியை உண்டாக்குகிற டிரைவர். ஒயர் ஹெட்ஃபோனில் டிரைவர், பஞ்சு, பிளாஸ்டிக், ஒரு ஒயர், முடிந்தது கதை. பேட்டரியைப் பாருங்கள். உங்கள் ஃபோனில் இருப்பது 5,000 எம்.ஏ.ஹெச். ஒரு பட்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 30 முதல் 60. லித்தியம் பேட்டரி சில நூறு தடவை முழுக்க இறங்கி ஏறியதும் தளர ஆரம்பிக்கும். பஸ்ஸிலும் ஆபீஸிலுமாகத் தினமும் தீர்த்தால் இரண்டு வருஷத்தில் அந்த எண்ணிக்கை வந்துவிடும். பேச ஒரு பக்கத்தை மட்டும் மாட்டிக்கொள்கிற பழக்கம் இருந்தால் அந்தப் பக்கம் முதலில் படுத்துக்கொள்ளும். எனக்கே அப்படி ஒரு பட்ஸ் பதினான்காவது மாதம் வலது பக்கம் செத்தது. கம்பெனி பேரைச் சொல்லிப் பயனில்லை. வாரன்டி ஒரு வருஷம், ஒற்றைப் பட்ஸ் தனியாக விற்பதில்லை, பேட்டரியை மாற்ற உடைத்துத்தான் திறக்க வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் பழகின ரிப்பேர்க்காரரிடம் நீட்டினேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

அதே ஆளிடம் ஒயர் அறுந்த ஹெட்ஃபோனைக் கொடுத்தால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் புதுப் பின் வைத்துத் தந்துவிடுவார். அறுவது எப்போதும் இரண்டே இடத்தில்தான். ஜாக்கில் செருகுகிற பின்னின் கழுத்தில், அல்லது காதுக்கிண்ணத்துக்குள் நுழைகிற இடத்தில். உள்ளே இருப்பது முடி போன்ற மெல்லிய கம்பிகள், மேலே வார்னிஷ் பூச்சு இருக்கும். சால்டரிங் அயர்ன் நுனியில் அந்தப் பூச்சை எரித்துவிட்டுத்தான் ஈயம் வைக்க வேண்டும். தெரியாதவர்கள் பூச்சின் மேலேயே ஒட்டிவிட்டு "மெஷின் போச்சு" என்பார்கள்.

ஒயர் அறாமல் இருக்க எங்கள் தொழிலில் புதுப் பையனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது: கேபிளை முழங்கையில் சுற்றாதே. உள்ளே கம்பி முறுக்கிக்கொள்ளும். தளர்வான வளையங்களாக, ஒன்று இப்படி, ஒன்று மறுபக்கமாக மடக்கி வையுங்கள். ஃபோனைச் சுற்றி இறுக்கிக் கட்டி பைக்குள் திணிப்பதும் அதே குற்றம்தான்.

என்ன வாங்குவது? மாடல் பேரைவிட மூன்று விஷயங்களைப் பாருங்கள். பின்பக்கம் மூடியதாக இருக்கட்டும். பின்பக்கம் திறந்த வகை அருமையாகக் கேட்கும், ஆனால் உங்கள் சரளி வரிசை பாடத்தைப் பி.ஜி. முழுக்கக் கேட்கும், மைக்கும் கேட்கும். இம்பிடன்ஸ், அதாவது மின் தடுப்பு, 32 ஓம் பக்கத்தில் இருக்கட்டும். ஓம் ஏற ஏற லேப்டாப்பும் ஃபோனும் தள்ளத் திணறும். பேயர்டைனமிக் டி.டி. 770 ப்ரோ என்ற ஒரே ஹெட்ஃபோன் 32, 80, 250 ஓம் என்று மூன்று வகையில் வருகிறது. தெரியாமல் 250-ஐ வாங்கி ஃபோனில் செருகிவிட்டு "சத்தமே இல்லை" என்று புலம்புகிறவர்கள் உண்டு. உங்கள் பட்ஜெட்டில் அந்த ஆபத்து வராது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, இயர்பேட் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். செயற்கைத் தோல் இரண்டு மூன்று வருஷத்தில் உரியும், கறுப்புத் தூளாக கன்னத்தில் ஒட்டும். பேட் கிடைக்கிற மாடல் என்றால் சில நூறு ரூபாயில் ஹெட்ஃபோன் மறுபடி புதுசு. சோனி எம்.டி.ஆர். 7506 என்ற மாடல் 1991 முதல் ஸ்டுடியோக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் ஒலியைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள்கூட, உதிரி பாகம் கிடைக்கிறது என்பதை ஒப்புக்கொள்வார்கள். அது உங்கள் பட்ஜெட்டுக்கு மேலே. ஆடியோ-டெக்னிக்கா எம்20எக்ஸும் மேலேதான். சென்ஹைசர் ஹெச்.டி. 206 மாதிரியான ஆரம்ப நிலை சாமான் இந்த விலைப் பக்கத்தில் வந்துபோகும். அதன் ஒயர் 3 மீட்டர் நீளம். கட்டிலில் உட்கார்ந்து மேஜைமேல் இருக்கும் லேப்டாப்பில் செருக வசதி, பஸ்ஸில் கொண்டுபோனால் கண்டக்டர் காலில் மாட்டும்.

"எக்ஸ்ட்ரா பேஸ்" என்று பெரிதாகப் போட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். மலிவு பட்ஸிலும் இதே நோய் உண்டு. அங்கே அதற்கு நியாயம் இருக்கிறது: பஸ் என்ஜின் உறுமல் கீழ்சுரங்களை விழுங்கிவிடும், அதனால் கூட்டி வைக்கிறார்கள். அமைதியான அறையில் அதையே கேட்டால் மிருதங்கத்தின் தொப்பி என்ற இடது பக்கம் வீங்கிப்போய், வலந்தலை என்ற வலது பக்கத்தின் சாப்பு அதற்கடியில் அமுங்கிவிடும்.

அளவு பார்க்கும்போது ஜிமிக்கி, கண்ணாடி இரண்டையும் மாட்டிக்கொண்டு போங்கள். இதை எந்த ஆண்பிள்ளை விமர்சகரும் சொல்லமாட்டார். தொங்குகிற ஜிமிக்கிமேல் ஹெட்ஃபோன் அழுத்தினால் அரை மணியில் காது மடல் வலிக்கும். கண்ணாடிக் காம்பு பேட்டுக்கு நடுவே சந்து விட்டால் கீழ்சுரம் அதன் வழியாக ஒழுகிப்போகும்.

பாடும்போது ஒரு காதைப் பாதி விலக்கி வையுங்கள். இரண்டையும் மூடினால் உங்கள் குரல் எலும்பு வழியாக மட்டும் உங்களுக்கு வரும், குடத்துக்குள் பாடுகிற மாதிரி இருக்கும், சுருதி நழுவும். ரிக்கார்டிங்கில் பாடகர்கள் ஒரு பக்கத்தைக் கழற்றி வைத்துப் பாடுவது ஸ்டைலுக்கு அல்ல. ரப்பர் முனை வைத்த பட்ஸில் இந்தக் குடச் சத்தம் இன்னும் அதிகம்.

இந்த மாதிரி ஹெட்ஃபோனில் மைக் இல்லாமல் போகலாம். கவலைப்படாதீர்கள், லேப்டாப் மைக் போதும்.

ஃபோனில் ஜாக் இல்லை என்றீர்கள். ஐஃபோனிலிருந்து 2016-இல் எடுத்தார்கள், பிறகு ஊரே எடுத்தது. டைப்-சி கனெக்டர் ஒன்று வாங்கினால் போதும், ஆனால் உள்ளே டி.ஏ.சி. சிப் (டிஜிட்டலை ஒலிக்கான மின் அலையாக மாற்றுவது) இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் ஒயரை மட்டும் நீட்டி வைத்த கனெக்டர்களும் விற்கிறார்கள். சில ஃபோன்களில் பாடும், பலவற்றில் ஊமை. லேப்டாப்பில் ஜாக் இருப்பதால் உங்களுக்கு இது அவசரமே இல்லை.

பஸ் இன்னும் பாக்கி. ஹெட்ஃபோன் வாங்கிய மிச்சத்தில் நூறோ ஐந்நூறோ நிற்கும். அதில் டைப்-சி முனை வைத்த சாதாரண இயர்ஃபோன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சார்ஜ் கிடையாது, சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலில் ஒரு பட்ஸ் காதிலிருந்து விழுந்து சீட்டுக்கடியில் உருண்டு போகும் பயமும் கிடையாது. அடுத்த போனஸில் பட்ஸ் வாங்குங்கள், நான் எதிரி இல்லை. நின்றுகொண்டு, ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பை என்று போகிறவருக்கு ஒயர் இல்லாதது உண்மையிலேயே சௌகரியம். அப்போது ஏ.என்.சி., அதாவது வெளிச்சத்தத்தை எதிர் ஒலியால் குறைக்கிற வசதி, உள்ளதாகப் பாருங்கள். என்ஜின் உறுமலை அது நன்றாகக் குறைக்கும். ஹாரன், பக்கத்து சீட்டுக்காரர் ஃபோனில் போடுகிற சண்டை, இவற்றுக்கெல்லாம் அதனிடம் பெரிய மருந்து இல்லை, அதை ரப்பர் முனைதான் தடுக்க வேண்டும். பெட்டியில் மூன்று அளவு முனை இருக்கும். இடது காதுக்கும் வலது காதுக்கும் வேறு வேறு அளவு பொருந்துவது சகஜம். எல்.டி.ஏ.சி., ஏ.ஏ.சி. என்று கோடெக் (ஒலியைச் சுருக்கும் முறை) சண்டையில் இறங்காதீர்கள். முனை சரியாக உட்காராத பட்ஸுக்கு எந்தக் கோடெக்கும் உதவாது.

பஸ்ஸில் சத்தம் கூட்டுவதில் மட்டும் கொஞ்சம் பயம் இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். உங்கள் பயணமே வாரத்தில் பத்து மணி நேரத்தைத் தாண்டுகிறது. பாட்டு கற்கிற காது அது. இன்னொன்று, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் காதில் நல்லெண்ணெய் ஈரத்தோடு பட்ஸை மாட்டாதீர்கள். வலை அடைத்துக்கொண்டு ஒரு பக்கம் சத்தம் குறைந்ததும் பட்ஸ் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் துடைத்துக் கொடுத்தேன், பாடிவிட்டது.

வாங்கப் போவதானால் சனிக்கிழமை போங்கள், எஸ்.பி. ரோட்டில் ஞாயிறு பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். நடைபாதையில் பிராண்டு பேர் போட்டு அரை விலைக்குக் கிடைப்பதைத் தொடாதீர்கள். பில் போடுகிற கடையில், டப்பாவை அங்கேயே பிரித்து, உங்கள் லேப்டாப்பில் செருகிக் கேளுங்கள். கடைக்காரர் போட்டுக்காட்டுகிற பாட்டு எந்த ஹெட்ஃபோனிலும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் தம்புரா ஆப்பை ஓடவிடுங்கள். பஞ்சமம், சாரணை, மந்தரம் என்ற தந்திகள் மூன்றும் தனித்தனியாகக் காதில் விழுகிறதா என்று ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, அப்புறம் பணத்தை எடுங்கள்.